மணலுக்குக் குறுக்கே மர வரிசை
மேற்கு ராஜஸ்தானில் வயலைக் காக்க மரம் நடுவது சுலபம். அதை மூன்று கோடைகள் உயிரோடு வைத்திருப்பதுதான் பெரும்பாடு.

முதல் மழை விழுந்ததும் ஜெய்சல்மேர் விவசாயி கம்பு விதைக்கிறார். சில நாட்களில் முளை தெரிகிறது. அந்த நேரம் பார்த்துத் தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பினால் போச்சு. பறந்து வரும் மணல் இளம் தளிரைத் தேய்த்துக் கிழிக்கும்; அல்லது மேலே விழுந்து மூடிவிடும். மறுபடியும் விதை, மறுபடியும் டிராக்டர் வாடகை. அதற்குள் மண்ணின் ஈரம் போயிருக்கும். வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத மாவட்டத்தில் இரண்டாவது வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

காற்றுக்குக் குறுக்கே மரம் வைப்பதுதான் பரிகாரம். ஜோத்பூரில் 1952இல் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையமாகத் தொடங்கி, 1959இல் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையமாக மாறிய அமைப்பு இதைப் பல பத்தாண்டுகளாகச் சோதித்து வருகிறது. நடுவில் உயரமான வாகை, இருபுறமும் அதைவிடக் குட்டையான மஞ்சள்கொன்றை அல்லது அங்கே 'இஸ்ரேலி பபூல்' எனப்படும் மரம் என மூன்று வரிசை. பக்கவாட்டில் பார்த்தால் ஓட்டுக்கூரை மாதிரி தெரியும்.

அடர்த்தியாக இருந்தால்தான் நல்லது என்று நினைத்தால் தப்பு. காற்றே புகாத சுவரைத் தாண்டியதும் காற்று சுழன்று கீழே பாய்ந்து மண்ணைக் கிளறும். பாதிக் காற்று இலைகளுக்கிடையே கசிந்து போக வேண்டும். அப்படி அமைந்த வரிசை, மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை நன்றாகவே பாதுகாக்கும். ஆறு மீட்டர் மரம் என்றால் அறுபது மீட்டர் வயல். நடுவில் நாலு மரம் பட்டுப்போனால் அந்த இடைவெளியில் காற்று புனலில் நுழைந்ததுபோல வேகம் பிடிக்கும்; வரிசையே இல்லாத வயலைவிட அங்கே சேதம் அதிகம்.

அதனால்தான் பராமரிப்பு முக்கியம். மழைக்காலத்தில் நட்ட கன்றுக்கு அடுத்த கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மனிதர்களுக்கே தண்ணீர் தூரத்திலிருந்து வரும் ஊரில் இது லேசான வேலையல்ல. செத்த கன்றுக்குப் பதில் அடுத்த மழையிலேயே வேறு கன்று வைக்க வேண்டும். ஆடுகளைத் தடுக்க இலந்தை முள்ளை வெட்டிப் படல் கட்டுகிறார்கள். வளர்ந்த பின்னும் தொல்லை உண்டு: மரத்தை ஒட்டிய சாலில் பயிர் சவலையாக நிற்கும். வரிசைக்கும் வயலுக்கும் நடுவே பள்ளம் தோண்டி வேரை அறுத்துவிடுவது வழக்கம்.

இதையெல்லாம் தாண்டி ஒரு சங்கடம். ஒரு ஹெக்டேர் சதுர நிலத்தில் மூன்று வரிசைக்குப் பத்தில் ஒரு பங்கு இடம் போய்விடும். நிலத்தின் வடகிழக்கு ஓரத்தில் நட்டால் இடம் இவருடையது, லாபம் முழுக்கப் பக்கத்து வயல்காரருக்கு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் வரிசையும் துண்டாகும். அரசு நிலத்தில் இந்தத் தகராறு இல்லை. 1961இல் தண்ணீர் விடப்பட்ட ராஜஸ்தான் கால்வாய் (இன்றைய இந்திரா காந்தி கால்வாய்) மணலில் தூர்ந்துவிடாதிருக்க வனத்துறை கரையோரம் நட்டது ஏராளம். தண்ணீர் பக்கத்திலேயே இருந்ததால் மரமும் பிழைத்தது.

சீக்கிரம் வளரும் மரத்தின் மீது மோகம் பழையது. நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தை 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் 'ராஜ மரம்' என்றே அறிவித்தது. அது காற்றைத் தடுத்தது, விறகும் தந்தது. கூடவே மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கியது. உள்ளூர் கேஜ்ரி வளர நாளாகும். ஆனால் அதனடியில் கம்பு செழிக்கும், இலை ஆட்டுக்கு, சாங்ரி எனும் காய் சமையலுக்கு. 1730இல் கேஜர்லி கிராமத்தில் 363 பிஷ்ணோய்கள் உயிர் விட்டது இந்த மரத்துக்காகத்தான்.

இப்போது கேஜ்ரிக்குப் புது எதிரி. சூரிய மின் நிலையங்களுக்காக அது வெட்டப்படுவதை எதிர்த்து 2024இல் பிகானேர் மாவட்டத்தில் போராட்டம் நடந்தது. மரம் போன வெளியில் வரிசையாக நிற்கும் தகடுகளின் மேல் மணல் தூசி படிகிறது. படிந்தால் மின்சாரம் குறையும் என்பதால், அதைத் திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டியிருக்கிறது.