ஒரே ஒரு ஸ்டிக்கர் போதுமா? அடிச்சுக் கொடுத்துடலாம்!

அச்சுத்துறைக் கண்காட்சிகளில் லாரி நீளத்துக்கு இயந்திரங்கள் நிற்கும். ஆனால், கூட்டம் மொய்ப்பது பெரும்பாலும் ஒரு சின்ன மேஜையைச் சுற்றித்தான். ‘‘உங்க பேரைச் சொல்லுங்க’’ என்பார் ஸ்டாலில் இருப்பவர். கம்ப்யூட்டரில் பெயரை அடித்து, படத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். சில நிமிடங்களில் பெயர் போட்ட ஸ்டிக்கர் கைக்கு வந்துவிடும். பெரியவர்கள்கூட குழந்தைகள்போல அதை செல்போன் கவரில் ஒட்டிக்கொள்வார்கள்.

இது வெறும் விளையாட்டு இல்லை. ‘ஒன்றே ஒன்றைக்கூட அச்சடிக்க முடியும்’ என்பதைக் காட்டும் டெமோ இது.

ஆஃப்செட் முறையில் வண்ண அச்சுக்கு நான்கு பிளேட்டுகள் வேண்டும். நிறம் சரியாக அமைவதற்குள் பல தாள்கள் வீணாகும். பெயர் மாறினால் பிளேட்டும் மாற வேண்டும். அதனால்தான் பத்து ஸ்டிக்கர் கேட்டால், ‘‘ஆயிரமாவது எடுங்க’’ என்பார்கள்.

இந்தக் கணக்கை மாற்றிய இயந்திரம் வெளிவந்ததும் ஒரு கண்காட்சியில்தான். 1993-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடந்த ‘ஐபெக்ஸ்’ கண்காட்சியில், பென்னி லாண்டாவின் இண்டிகோ நிறுவனம் ‘இ-பிரின்ட் 1000’ என்ற டிஜிட்டல் வண்ண அச்சு இயந்திரத்தை அறிமுகம் செய்தது. இதில் பிளேட் கிடையாது. உருளையின் மீது லேசர் ஒளியால் படம் உருவாகும். திரவ மை அதில் ஒட்டி, ரப்பர் பிளாங்கெட் வழியாகத் தாளுக்கு இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் புதுப் படம் வரையலாம். அதாவது, முதல் தாளில் ‘கவிதா’, அடுத்த தாளில் ‘கதிர்’. 2002-ல் இண்டிகோவை ஹெச்.பி வாங்கியது.

பெயரின் ஈர்ப்பைப் பெரிய நிறுவனங்களும் புரிந்துகொண்டன. 2011-ல் ஆஸ்திரேலியாவில் கோகோ கோலா, அங்கே பரவலாக உள்ள 150 பெயர்களை பாட்டில்களில் அச்சிட்டது. 2017-ல் இத்தாலியில் ‘நுட்டெல்லா’ 70 லட்சம் ஜாடிகளை ஒன்றுபோல் ஒன்று இல்லாத டிசைன்களில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆனால், இதனால் அதிகம் பயன்பெறக்கூடியவர்கள் வீட்டிலேயே இட்லிப்பொடி, தொக்கு, ஊறுகாய் செய்து விற்பவர்கள்தான். மூன்று வகைக்கு ஐம்பது ஐம்பது லேபிள் என்றாலும் அடித்துக்கொள்ளலாம். போன் நம்பர் மாறினாலும் பழைய கட்டு மூலையில் கிடந்து வீணாகாது. குழந்தைகளின் நோட்டு, பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட் என வீட்டுத் தேவைகளுக்கும் இதே வழிதான்.

ஆர்டர் கொடுக்கும்முன் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

* எண்ணிக்கை கூடினால் ஆஃப்செட்டில் ஒரு ஸ்டிக்கரின் விலை வேகமாகக் குறையும். டிஜிட்டலில் அந்த அளவுக்குக் குறையாது. இரண்டுக்கும் விலை கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

* எண்ணெய், ஈரம், ஃப்ரிட்ஜ் என்றால் பேப்பர் ஸ்டிக்கர் தாங்காது. பிளாஸ்டிக் ஃபிலிமில் லேமினேஷனுடன் கேட்கலாம்.

* ‘ஹாஃப் கட்’ சரியாக இருக்க வேண்டும். மேல் தாள் மட்டும் வெட்டுப்பட்டு, அடித்தாள் முழுதாக இருந்தால்தான் சுலபமாக உரியும்.

* பாக்கெட் உணவு என்றால் சேர்மானங்கள், எடை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் ஆகியவை லேபிளில் இடம்பெற வேண்டும். அழகான டிசைனுக்காக இவற்றைச் சுருக்கிவிடக் கூடாது.

கண்காட்சியில் இயந்திரமே வாங்க நினைப்பவர்கள், விலையோடு ‘கிளிக் சார்ஜ்’ எனப்படும் ஒவ்வொரு அச்சுக்குமான கட்டணம் உண்டா, பழுதானால் யார் வருவார்கள் என்பதையும் கேட்க வேண்டும். தாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஸ்டிக்கர் தாளையே கொண்டுபோய் அடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

டெமோவில் பெயரை ஆங்கிலத்தில் மட்டும் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. சில டிசைன் மென்பொருள்களில் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ‘கோமதி’, ‘கௌசல்யா’ என்று தமிழில் அடித்துக்காட்டச் சொல்ல வேண்டும். எழுத்து உடையாமல் வந்தால்தான் அது நம் ஊர் பாட்டிலில் ஒட்டத் தகுதியான ஸ்டிக்கர்!