முளையங்களின் இடைவெளி: கருப்பைத் தசையும் ஓமோன்களும்

கருத்தரிப்பை வித்தும் நிலமும் என உவமித்தல் நெடுங்கால வழக்கு. இவ்வுவமையில் வித்தே செயற்படுவது. நிலமோ வெறுமனே ஏற்பது. பல குட்டிகளை ஒருங்கே ஈனும் விலங்குகளை நோக்குவோமாயின் இக்கருத்தின் குறைபாடு புலனாகும்.

பன்றியின் கருப்பை நீண்ட இரு கொம்புகளை உடையது. கருக்கட்டி ஏறத்தாழ இரண்டு நாட்களில் முளையங்கள் கொம்பின் நுனியை அடைகின்றன. ஐந்தாறு நாள்வரை அங்கேயே தங்கிப் பின்னர் நகரத் தொடங்கி, மறு கொம்பினுள்ளும் புகுகின்றன. பன்னிரண்டாம் நாளளவில் அவை இரு கொம்புகளிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடுகின்றன. ஒரு சூலகம் அகற்றப்பட்ட பன்றியிலும் இரு கொம்புகளும் முளையங்களைப் பெறுகின்றன.

முளையத்துக்கு நீந்தும் உறுப்பு எதுவுமில்லை. அதனை நகர்த்துவது கருப்பைச் சுவரின் மழமழப்பான தசையே. அத்தசையை ஓமோன்கள் ஆளுகின்றன. பொதுவாக ஈஸ்திரஜன் அதன் சுருக்கத்தைத் தூண்டும், புரோஜெஸ்தரோன் தணிக்கும். எலியில் ரிலாக்சினும் அதனை அமைதிப்படுத்துகின்றது.

எனினும், முளையமும் வாளாவிருப்பதில்லை. பன்றியின் முளையம் தானே ஈஸ்திரஜனைச் சுரக்கின்றது. 1980களில் நிகழ்ந்த பரிசோதனைகளில், ஈஸ்திரஜன் ஊட்டிய சிறுமணிகள் கருப்பையினுள் இடப்பட்டன. அது ஊட்டப்படாத மணிகளைக் காட்டிலும் அவை கூடுதலான தூரம் நகர்ந்தன. எனவே முளையம் விடுக்கும் இரசாயனச் செய்திக்குத் தாயின் தசை மறுமொழி கூறுகின்றது எனக் கொள்ளலாம்.

இவ்வொழுங்கு குலைந்தால் விளைவது யாது? 2005இல் வெளியான ஆய்வொன்று, லைசோபொஸ்பற்றிடிக் அமிலத்தை உணரும் ஒரு வாங்கி அற்ற சுண்டெலிகளைப் பற்றியது. அவற்றில் முளையங்கள் நெருங்கிக் குவிந்தன, உட்பதித்தலும் தாமதித்தது. சில முளையங்கள் ஒரே சூல்வித்தகத்தைப் பகிர நேர்ந்தது, பல மடிந்தன. புரொஸ்தகிளாண்டின் கொடுத்தபோது தாமதம் நீங்கியது, நெருக்கமோ நீங்கவில்லை. ஆகவே, உட்பதியும் காலமும் இடமும் வெவ்வேறு வழிகளில் ஆளப்படுகின்றன என்பது தெளிவாகின்றது.

மனிதக் கருப்பை கொம்புகளற்ற தனியறை. வழமையாக ஒரு முளையத்தையே தாங்குவது. ஆதலின் இம்முடிவுகளை அப்படியே மனிதர்க்குப் பொருத்துதல் தகாது. ஆயினும் ஓருண்மையை நாம் இங்கு வலியுறுத்தலாம். ஒவ்வொரு முளையத்துக்கும் போதிய இடமும் குருதியும் கிடைப்பது தற்செயலன்று. அது தாயுடலின் உழைப்பு. தாயை வெறும் நிலமெனக் கருதும் பழைய உவமை இவ்வுழைப்பை மறைத்துவிடுகின்றது.