வேலிக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

அறிவியல் ஆய்வு என்றவுடன் கண்ணாடிக் குடுவைகளும் நுண்ணோக்கிகளும் நிறைந்த அறையே பலர் நினைவில் எழும். மேய்ச்சல் நிலமும் ஓர் ஆய்வுக்கூடமே. கிழக்கு ஆப்பிரிக்க நாடான கென்யாவின் லைக்கிப்பியா பகுதியில் எம்பாலா ஆய்வு மையம் உள்ளது. கோடை விடுமுறையில் அயல்நாடுகளின் இளநிலை அறிவியல் மாணவர்களும் அங்குத் தங்கிக் களஆய்வு பயில்கின்றனர்.

அப்பகுதியில் 1995ஆம் ஆண்டு நீண்டகால ஆய்வொன்று தொடங்கப்பட்டது. 4 எக்டேர் பரப்புடைய 18 நிலத்துண்டுகள் வேலியிட்டுப் பிரிக்கப்பட்டன. சிலவற்றில் மாடுகள் மட்டும் மேயும். சிலவற்றில் காட்டுவிலங்குகள் மட்டும் மேயும். சிலவற்றில் இரண்டும் மேயும். சிலவற்றில் எதுவும் நுழையாது. யானை, ஒட்டகச்சிவிங்கி ஆகியவற்றை மட்டும் தடுக்கும் வேலிகளும் உண்டு. இவ்வாறு அமைந்த ஆறு வகைகளுள் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலத்துண்டுகள் ஒதுக்கப்பட்டன. ஒரே இடத்தில் கண்ட மாற்றம் அம்மண்ணின் இயல்பால் விளைந்ததாக இருக்கலாம். மூன்று இடங்களிலும் கண்டால் மேய்ச்சலே காரணம் என உறுதிபெறக் கூறலாம்.

2011இல் வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. வறட்சிக் காலத்தில் காட்டுவிலங்குகள் மாடுகளின் தீவனத்துக்குப் போட்டியாகின்றன. மழைக்காலத்திலோ வரிக்குதிரை போன்றவை முதிர்ந்த தண்டுகளைத் தின்றுவிடுவதால், மாடுகளுக்குச் சத்துள்ள புல் கிடைத்து அவற்றின் எடை கூடுகிறது. போட்டியும் துணையும் பருவத்துக்கேற்ப மாறுகின்றன.

இத்தகைய வினாக்கள் காங்கேயத்திலும் காத்திருக்கின்றன. இங்குள்ள கொறங்காடு, உழவர்கள் தம் சொந்த நிலத்தில் பேணிவரும் மேய்ச்சற்காடு ஆகும். கொழுக்கட்டைப்புல் தரையை மூடியிருக்க, வெள்வேல மரங்கள் நிழலும் நெற்றும் தர, முள்கிளுவை உயிர்வேலியாய்ச் சூழ்ந்து நிற்கும். கொழுக்கட்டைப்புல் ஆப்பிரிக்காவுக்கும் உரியது. நறுமணப் பிசின் தரும் ஆப்பிரிக்க வெள்ளைப்போள மரம் கிளுவையின் பேரினத்தைச் சேர்ந்தது.

கென்யாவில் ஆய்வுக்கென வேலி எழுப்பினர். இங்கோ உழவர்களே வேலியிட்டு வைத்துள்ளனர். மாடு மேய்ந்தபின் செம்மறியை மேயவிட்டால் புல் எவ்வாறு தழைக்கிறது? மர நிழலில் எப்புல் மிகுதி? மீட்டர் அளவுள்ள சதுரச் சட்டத்தைத் தரையில் பல இடங்களில் வைத்து, உள்ளிருக்கும் புல்வகைகளை எண்ணிக் குறித்தாலே விடைதேடத் தொடங்கலாம். எனினும் இவ்வேலிகள் ஆய்வுக்காக அமைந்தவையல்ல. ஆதலால் ஒவ்வொரு நிலத்தின் மண்ணையும், மேய்ச்சல் வரலாற்றையும் உழவரிடம் கேட்டறிந்து பதிவுசெய்தல் வேண்டும்.

இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை வாயிலாக, கல்லூரி மாணவர்கள் இரு மாதங்கள் அறிவியலாளரிடம் பயிலலாம். அங்குக் கற்கும் முறைகள் கொறங்காட்டுக்கும் பொருந்தும்.

கொறங்காடுகள் வீட்டுமனைகளாகவும் பிற பயன்பாட்டு நிலங்களாகவும் மாறிவருகின்றன. காங்கேயம் மாட்டினத்தை வளர்த்த புல்வெளி அது. எந்நிலத்தில் எப்புல் எவ்வாறு வாழ்கிறது என இன்று பதிவுசெய்யாவிடில், நாளை அதனை மீட்க முனைவோர்க்கு வழிகாட்டக் குறிப்பேதும் இராது.