நீரின் வெப்பமும் மீனின் உயிரும்

புதிதாக மீன்தொட்டி வாங்கும் இல்லங்களில் கண்ணாடியின் பருமன், கூழாங்கற்களின் நிறம், விளக்கு, நீர்ச்செடி ஆகிய அனைத்தையும் பற்றி நாம் பேசிவிடுகிறோம். நீரின் வெப்பநிலையைப் பற்றிய பேச்சு மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் மீனின் வாழ்நாளை முடிவு செய்வனவற்றுள் அதுவும் முதன்மையான ஒன்று.

நமக்கு வெயிலில் வியர்க்கிறது. குளிரில் உடல் நடுங்கித் தன்னைச் சூடேற்றிக்கொள்கிறது. தொட்டி மீன்களுக்கு இவ்வசதி இல்லை. சுற்றியுள்ள நீரின் வெப்பமே அவற்றின் உடல் வெப்பம். ஆற்றில் வாழும் மீன், வெயில் ஏறினால் ஆழத்துக்கோ கரையோர நிழலுக்கோ நகர்ந்துவிடும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. ஆறு செய்த அப்பணியை அங்கே நாம்தான் செய்தாக வேண்டும்.

எல்லா மீனும் வெப்பம் விரும்பியன்று

அலங்கார மீன்கள் யாவும் வெதுவெதுப்பான நீரையே விரும்பும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் வெப்பமண்டலத்துக்கும் குளிர்நாடுகளுக்கும் இடைப்பட்ட பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட மீன்களும் உள்ளன. இவற்றைத் துணை வெப்பமண்டல மீன்கள் என்பர். ரோஸி பார்ப், வரிக்குதிரை மீன் எனப்படும் ஜீப்ரா டேனியோ, தென்சீனத்தின் ஒயிட் கிளவுட் ஆகியவை இவ்வகையின. பொதுவாக 18 முதல் 24 டிகிரி வரையிலான நீரே இவற்றுக்கு ஏற்றது. நம் கடைகளில் எங்கும் கிடைக்கும் தங்கமீனும் ஏறத்தாழ இதே அளவை விரும்புவதுதான்.

ரோஸி பார்ப்பும் வரிக்குதிரை மீனும் நம் நாட்டு நீர்நிலைகளின் மீன்கள். கங்கையின் மீன்களைப் பற்றி 1822இல் வெளியான தம் நூலில், பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் இவ்விரண்டையும் முதன்முதலாக அறிவியல் முறையில் விவரித்தார். மார்கழிக் குளிரையும் சித்திரை வெயிலையும் மாறி மாறிக் கண்ட நீர்களில் வளர்ந்த இனங்கள் இவை. ஆகவே மெல்ல வரும் பருவ மாற்றத்தை இவை தாங்கும். ஓயாத வெப்பத்தையும் திடீர் மாற்றத்தையும் தாங்குவது கடினம்.

வெப்பம் ஏறினால் நிகழ்வது

நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். அதே வேளையில் மீனின் உடலியக்கம் விரைவுபட்டு, அதற்கு முன்னிலும் அதிக உயிர்வளி தேவைப்படுகிறது. கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் வெப்பத்துடன் கூடுகிறது. வரவு குறையும்போதே செலவு பெருகும் குடும்பத்தின் நிலைதான் அது.

மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாய் திறந்து நிற்பதும், செவுள்கள் விரைந்து அசைவதும் இதன் அறிகுறிகள். மாறாக, அடித்தளத்தில் அசையாமல் கிடந்து உணவை மறுத்தால் நீர் மிகவும் குளிர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் அளவு, பிறகு கருவி

தொட்டி வாங்கியவுடன் ஹீட்டர் வாங்குவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் வாங்க வேண்டியது ஒரு வெப்பமானி. ஒரு வாரம், நாள்தோறும் விடியற்காலையிலும் பிற்பகலிலும் நீரின் வெப்பத்தைக் குறித்து வந்தால் நம் தேவை என்னவென்று தெரிந்துவிடும். சென்னை, மும்பை போன்ற கடலோர நகரங்களில் இம்மீன்களுக்குப் பெரும்பாலும் ஹீட்டரே தேவைப்படாது. அங்கே கோடைதான் சிக்கல். தில்லி, லக்னோ, சண்டிகர் போன்ற நகரங்களில் சனவரிக் குளிருக்கு ஹீட்டரும் மே மாத வெயிலுக்குக் குளிர்விப்பும் தேவைப்படும். ஆண்டின் பெரும்பகுதி இம்மீன்களுக்கு இயல்பாகவே பொருந்தி வருவது பெங்களூரு.

ஹீட்டர் தேவையெனில், லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு வாட் என்பது பொதுக்கணக்கு. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும்; அதற்கு 50 வாட் போதும். தானியங்கி நிறுத்தி உள்ளதாக வாங்கி 20 டிகிரியில் வைக்கலாம். 50 வாட் ஹீட்டர் இருபது மணி நேரம் இடைவிடாது எரிந்தால்தான் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். தொட்டிக்குள் கைவிடுமுன் மின்இணைப்பைத் துண்டிப்பது கட்டாயம்.

கோடையைக் கடக்க

தொட்டியை மேற்கு வெயில் படும் சுவரோரத்திலிருந்து அகற்றுவது முதற்படி. விளக்கு எரியும் நேரத்தைக் குறைக்கலாம். மூடிக்குப் பதிலாக வலையிட்டு, சிறு மின்விசிறியின் காற்று நீர்ப்பரப்பின் மேல் செல்லுமாறு அமைத்தால், நீர் ஆவியாகும்போது வெப்பம் இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குறையும். மண்பானை நீர் குளிரும் அதே முறைதான் இது. நாக்பூர், தில்லி போன்ற வறண்ட இடங்களில் இது நன்கு பயன்தரும்; ஈரப்பதம் மிக்க கடற்கரை நகரங்களில் பயன் குறைவு. ஐந்து வாட் விசிறி நாள் முழுதும் ஓடினாலும் யூனிட்டில் எட்டில் ஒரு பங்குதான் ஆகும்.

காற்றுக்குமிழ் இயந்திரம் கோடையில் இரவும் பகலும் ஓட வேண்டும். உணவைக் குறைத்து இடவேண்டும். பனிக்கட்டியை நேரே நீரில் போடுவது தீங்கு. உறையவைத்த நீர் அடைத்த புட்டியை மிதக்கவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீர் மாற்றும் வேளையும் முக்கியம். நண்பகலில் மாடித்தொட்டியிலிருந்து வரும் குழாய்நீர் வெந்நீராகவே இருக்கும். முதல்நாளே பிடித்து நிழலில் வைத்து, குளோரின் நீங்கிய நீரை விடியற்காலையில் மாற்றுவதே நன்று. கடையிலிருந்து கொண்டுவரும் மீனையும் உடனே கொட்டாமல், பையோடு கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட வேண்டும்.

வீட்டுக்கேற்ற மீன்

இத்தனையும் செய்த பின்னரும், கோடை மாதங்கள் முழுவதும் நீர் 30 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லையெனில், அவ்வீடு ஒயிட் கிளவுட் மீனுக்கோ தங்கமீனுக்கோ உரியதன்று. கப்பி, மோலி போன்ற வெப்பம் தாங்கும் மீன்கள் அங்கே நலமாக வாழும். அழகைக் கண்டு வாங்கிவிட்டுப் பின்னர் கருவிகளால் ஈடுசெய்ய முயல்வதைவிட, நம் அறையின் இயல்பை அளந்தறிந்து, அதற்கேற்ற மீனைத் தேர்வதே சிக்கனம். அவ்வுயிருக்கும் அதுவே பாதுகாப்பு. கடைக்குச் செல்லுமுன் ஒரு வாரம் ஒரு வாளி நீரில் வெப்பமானியை இட்டுப் பார்ப்போம். எந்த மீனை வாங்கலாம் என்பதை அதுவே நமக்குச் சொல்லிவிடும்.