ரெவினியூ ஆட்சியும் ஸ்தல ஆட்சியும்

விஸ்தாரமான ஒரு தேசத்தை ஒரே கச்சேரியிலிருந்து ஆள்வது இயலாது. ஆகவே மத்திய சர்க்கார், ராஜ்ய சர்க்கார், ஸ்தல ஸ்தாபனம் என அதிகாரம் பகுக்கப்பட்டிருக்கிறது. எக்காரியம் எவரைச் சேர்ந்தது என்றறியாத குடியானவர், மனுவைத் தவறான இடத்தில் கொடுத்துப் பருவத்தை இழக்க நேரிடும். காயல்பட்டினத்தைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம்.

அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணைப்படி விவசாயம், நிலம், நீர்ப்பாசனம், ஸ்தல ஆட்சி ஆகியவை ராஜ்ய சர்க்காரைச் சேர்ந்தவை. பல ராஜ்யங்களில் பாயும் நதிகள் விஷயத்தில் மட்டும் மத்திய சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. தாமிரபரணியோ பொதிகையில் உற்பத்தியாகிப் புன்னைக்காயலில் கடலை அடையும் வரை தமிழ்நாட்டிலேயே ஓடுகிறது. ஆதலின் அதன் நீர்ப் பங்கீடு தமிழ்நாட்டு சர்க்காரின் பொறுப்பாகும்.

ரெவினியூ நிர்வாகத்திற்காக ராஜ்யமானது ஜில்லா, கோட்டம், தாலுகா, பிர்கா, கிராமம் எனப் படிப்படியாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கம்பெனியார் 1790-ல் ஏற்படுத்திய திருநெல்வேலி ஜில்லா 1986 அக்டோபரில் பிரிக்கப்பட்டது. அதுமுதல் காயல்பட்டினம் தூத்துக்குடி ஜில்லா, திருச்செந்தூர் தாலுகாவில் அடங்கியது. முன்சீப், கணக்குப்பிள்ளை முதலிய பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980-ல் ஒழிக்கப்பட்டன. இப்பொழுது கிராமக் கணக்குகளைக் கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கிறார். பட்டா மாறுதல் தாலுகாக் கச்சேரியைச் சேர்ந்தது.

ஸ்தல ஸ்தாபனங்கள் வேறு வகையின. அவற்றின் அங்கத்தினர்களை ஜனங்களே தேர்ந்தெடுக்கின்றனர். 1993-ல் அமுலுக்கு வந்த 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்கள் இவற்றிற்கு உறுதியளித்தன. காயல்பட்டினம் 2004-ல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாயிற்று. வீட்டுவரி, தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை ஆகியவை நகராட்சியின் வேலைகள். எனினும் நகராட்சி எல்லைக்குள் உள்ள நிலத்திற்கும் பட்டா வழங்குவது ரெவினியூ இலாகாவே.

பாசனத்திற்கோ இவ்வெல்லைகள் பொருந்துவதில்லை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் திருநெல்வேலி ஜில்லாவிலும், மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகள் தூத்துக்குடி ஜில்லாவிலும் உள்ளன. மேலே திறக்கும் தண்ணீரை எதிர்பார்த்தே கடைமடைக் குடிகள் நாற்றுப் பாவுகின்றனர். இதனை உணர்ந்தே, 2000-ம் வருஷத்துப் பாசன நிர்வாகச் சட்டம், கிராம எல்லையைக் கருதாமல் ஆயக்கட்டை ஒட்டி நில உடைமையாளர் சங்கங்கள் அமைய வகை செய்தது.

ஆகவே நிலத் தகராறெனில் தாசில்தாரையும், தெருச் சாக்கடையெனில் நகராட்சியையும், மடைக்குத் தண்ணீர் வராவிடில் பாசன சங்கத்தையும் நீர்வள இலாகாவையும் அணுகுதல் முறை. மனுவில் சர்வே நம்பரையும், பாசன விஷயமெனில் கால்வாய், மடை ஆகியவற்றின் பெயர்களையும் தவறாது குறிப்பிடல் வேண்டும்.