ஆசிரியர் சேவையில் வாய்ப்புகளும் வாயிற்கதவுகளும்

கல்விச் சீர்திருத்தம் என்ற சொற்றொடருக்கு இந்நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. 1972 இல் ஒரு சீர்திருத்தம் வந்தது. 1981 இல் வெள்ளை அறிக்கை வந்தது. 1997 இல் மீண்டும் ஒன்று, 2007 இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம், 2017 இல் பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வி என்று பட்டியல் நீளுகின்றது. 2025 இல் அறிவிக்கப்பட்ட புதிய சீர்திருத்தம் 2026 இல் தரம் 1 இல் ஆரம்பமாக, தரம் 6 க்கான பகுதி 2027 ஆம் ஆண்டுக்குப் பிற்போடப்பட்டது. இவை ஒவ்வொன்றிலும் பாடநூல் மாறியது, பாடவேளை மாறியது, பரீட்சை முறை மாறியது. இவற்றையெல்லாம் வகுப்பறைக்குள் எடுத்துச் செல்ல வேண்டிய ஆசிரியருக்கு அரசாங்கம் எத்தகைய வாய்ப்புகளைத் திறந்து வைத்துள்ளது, அவ்வாய்ப்புகள் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் பணியாற்றும் தமிழ், முஸ்லிம் ஆசிரியர்களுக்கு எந்த அளவிற்குக் கிட்டுகின்றன என்பதையே இங்கு நாம் நோக்க விரும்புகின்றோம்.

இலங்கை ஆசிரியர் சேவை 1994 ஒக்டோபர் 6 ஆம் திகதி தனியானதொரு சேவையாக உருவாக்கப்பட்டது. அதன் புதிய பிரமாணக் குறிப்பு 2014 ஒக்டோபரில் 1885/38 ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளியானது. மூன்றாம் வகுப்பில் சேரும் ஓர் ஆசிரியர் எத்தனை ஆண்டுகளில், எத்தகைய தகைமைகளுடன் முதலாம் வகுப்பை எட்டலாம் என்பதை இக்குறிப்பே நிர்ணயிக்கின்றது. ஆனால் தமது சேவைக்காலம் முழுவதையும் ஆளுகின்ற இந்த ஆவணத்தை ஒருமுறையேனும் முழுமையாக வாசித்த ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விடை மகிழ்ச்சி தருவதாக இருக்காது. சங்கத்தின் செயலாளர் சொன்னார், அலுவலக எழுதுநர் சொன்னார் என்ற அளவிலேயே பலரது அறிவு நின்றுவிடுகின்றது. வினைத்திறமைகாண் தடையை உரிய காலத்தில் தாண்டாததாலோ, விண்ணப்பம் பிந்தியதாலோ, தனிப்பட்ட கோவையில் ஒரு சான்றிதழின் பிரதி இல்லாததாலோ தரமுயர்வு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போவதும், நிலுவைச் சம்பளத்திற்காகப் பின்னர் படியேறி இறங்குவதும் நாம் அன்றாடம் கேள்விப்படுகின்ற கதைகளாகும்.

இதிலே நிருவாகச் சிக்கலும் ஒன்றுண்டு. அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்திற்குப் பின்னர் தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும் ஏனைய பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழும் வந்தன. தேசிய பாடசாலை ஆசிரியரின் நியமனமும் ஒழுக்காற்றும் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கல்விச் சேவைக் குழுவைச் சார்ந்தவை. மாகாண ஆசிரியருக்கோ மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழு. சேவை ஒன்று, எசமானர் இருவர். ஊவாவில் நியமனம் பெற்ற ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியை, பிள்ளைகளைப் பெற்றோரிடம் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் பணியாற்றிய பின்னர், சொந்த மாகாணத்திற்குச் செல்ல விண்ணப்பிக்கும்போது இரண்டு மாகாணங்களின் சம்மதமும் வேண்டும். பதிலீடு இன்றி விடுவிக்க முடியாது என்று ஒரு பக்கம் கூறும். வெற்றிடம் இல்லை என்று மறுபக்கம் கூறும். 2007/20 ஆம் இலக்கச் சுற்றறிக்கை தேசிய ஆசிரியர் இடமாற்றக் கொள்கையை வகுத்து, பாடசாலைகளை அதிகஷ்டம், கஷ்டம் எனத் தரம் பிரித்து, எல்லோரும் சுழற்சி முறையில் பின்தங்கிய இடங்களிலும் சேவையாற்ற வேண்டும் என்று கூறியது. கொள்கையில் குறை காண்பதற்கில்லை. அரசியல்வாதியின் கடிதம் ஒன்று அக்கொள்கையை விட வேகமாகப் பயணம் செய்வதுதான் குறை. நகரப் பாடசாலைகளில் ஆசிரியர்கள் மேலதிகமாக இருக்க, படுவான்கரையிலும் வன்னியிலும் மன்னாரின் உட்கிராமங்களிலும் கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் ஆங்கிலத்திற்கும் ஆளில்லாதிருப்பது இவ்வாறே நேருகின்றது.

இனி வாய்ப்புகளைப் பார்ப்போம். கல்வியியற் கல்லூரிகள் 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தவை. நாடெங்கும் உள்ள பத்தொன்பது கல்லூரிகளுள் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, பத்தனை ஸ்ரீபாத, தர்கா நகர் ஆகியவற்றிலிருந்தே தமிழ்மொழி மூல டிப்ளோமாதாரிகளில் பெரும்பாலோர் வெளியேறுகின்றனர். பட்டதாரிகளாகச் சேவையில் இணைந்தோருக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா உண்டு. தேசிய கல்வி நிறுவகம், திறந்த பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியன அதனை வழங்குகின்றன. பாடசாலை மட்ட ஆசிரியர் அபிவிருத்தி என்ற திட்டம் 2012 முதல் உலக வங்கியின் உதவியுடன் நடைமுறைக்கு வந்தது. பாடசாலையே தனது ஆசிரியர்களின் தேவையை இனங்கண்டு தானே பயிற்சியை ஒழுங்கு செய்யும் இம்முறை, எமது அபிப்பிராயத்தில், மஹரகமவிற்கோ மீப்பேக்கோ அழைத்து நடத்தப்படும் இரண்டு நாள் கருத்தரங்கை விடப் பயன் தரக்கூடியது. நன்றாக நடைபெற்ற இடங்களில் அதற்குக் காரணமாக இருந்தவர் பெரும்பாலும் அதிபரே. அவ்வாறான அதிபர் வாய்க்காத இடங்களில் அது வவுச்சர்களோடு முடிந்துபோயிற்று.

மேலே செல்லும் பாதைகளும் இல்லாமலில்லை. மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை மூலம் அதிபர் சேவைக்குள் நுழையலாம். இலங்கைக் கல்வி நிருவாக சேவைக்குத் திறந்த பரீட்சை, மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை, சேவை அனுபவமும் திறமையும் என மூன்று வழிகள் உள்ளன. ஆசிரியர் கல்வியியலாளர் சேவை உண்டு. நெடுங்காலம் பெயரளவில் இருந்த ஆசிரிய ஆலோசகர் பதவியும் அண்மைய ஆண்டுகளில் தனிச் சேவையாக்கப்பட்டுள்ளது. ஆனால் இப்பாதைகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் அம்சத்தை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். இவை யாவும் ஆசிரியரை வகுப்பறையிலிருந்து வெளியே அழைத்துச் செல்கின்றன. மிகச் சிறந்த கணித ஆசிரியர் ஒருவர் முன்னேற விரும்பினால் கணிதம் கற்பிப்பதை நிறுத்த வேண்டும். ஏற்கனவே கணித ஆசிரியர் ஒருவர் மட்டுமே உள்ள பாடசாலையில் அவர் கல்வி நிருவாக சேவைப் பரீட்சையில் சித்தியடைவது அவரது குடும்பத்திற்கு நற்செய்தியாகவும், அவரிடம் படிக்கும் மாணவருக்குத் துயரச் செய்தியாகவும் அமைந்துவிடுகின்றது. அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. வகுப்பறையில் இருந்துகொண்டே உயர்ந்த சம்பளத்தையும் மதிப்பையும் பெறக்கூடியதொரு நிலையை ஆசிரியர் சேவைக்குள்ளேயே உருவாக்காத கொள்கைதான் குறைகூறப்பட வேண்டியது.

மலையகத்தின் அனுபவம் வேறுவிதமானது. தோட்டப் பாடசாலைகள் 1970 களின் பிற்பகுதியிலிருந்தே படிப்படியாக அரசாங்கத்தால் பொறுப்பேற்கப்பட்டன. ஏனைய பிள்ளைகளுக்குக் கன்னங்கராவின் காலத்தில் கிட்டிய இலவசக் கல்வி இப்பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறைக்குப் பின்னரே முழுமையாக வந்து சேர்ந்தது. அங்கு நிலவிய ஆசிரியர் பற்றாக்குறைக்குப் பரிகாரமாக 2014, 2015 காலப்பகுதியில் சுமார் மூவாயிரம் ஆசிரிய உதவியாளர்கள் சேர்க்கப்பட்டனர். உயர்தரம் சித்தியடைந்த அவ்விளைஞர் யுவதிகளுக்கு வழங்கப்பட்ட மாதாந்தக் கொடுப்பனவு 6,000 ரூபா. பல போராட்டங்களின் பின்னர் அது 10,000 ரூபாவாக்கப்பட்டது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாயை விடக் குறைந்த வருமானத்தில் மகள் தரம் ஐந்துக்குப் பாடம் நடத்தினாள். ஆசிரியர் கலாசாலைப் பயிற்சியை முடித்து நிரந்தர நியமனம் பெறும்வரை அவர்கள் காத்திருந்த ஆண்டுகளை எந்தச் சுற்றறிக்கையும் ஈடுசெய்யாது. 2020 இல் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நியமனம் பெற்றுப் பாடசாலைகளில் இணைக்கப்பட்ட பட்டதாரிகளுக்கும் ஏறத்தாழ இதே அனுபவம்தான். செய்வது ஆசிரியர் வேலை, இருப்பது வேறொரு சேவையில்.

முஸ்லிம் பாடசாலைகளின் பிரச்சினை ஒன்றையும் இங்கு சுட்டிக்காட்ட வேண்டும். மௌலவி ஆசிரியர் நியமனங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே வழங்கப்படுவதால் ஓய்வுபெற்றுச் செல்வோரின் இடங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. இஸ்லாம் பாடத்தை வேறு பாட ஆசிரியர் ஒருவர் சமாளித்துக் கொள்வார் என்ற எண்ணம் அதிகாரிகளிடம் இருக்குமானால், சைவநெறியையோ பௌத்தத்தையோ குறித்து அவர்கள் அவ்வாறு எண்ணுவார்களா என்று கேட்பதில் தவறில்லை.

ஆசிரியர்களின் சம்பள முரண்பாடு பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நடத்தப்பட்ட தொழிற்சங்கப் போராட்டத்தின் பயனாகக் கோரிக்கையில் ஒரு பகுதி மட்டுமே 2022 இல் நிறைவேற்றப்பட்டது. சம்பளத்திற்காக ஒன்றுபட்டு வீதியில் இறங்கிய சங்கங்கள், பயிற்சிக்காகவும் தரமுயர்வுக்காகவும் அதே அக்கறையைக் காட்டுவதில்லை என்ற ஆதங்கம் எமக்குண்டு.

புதிய சீர்திருத்தத்தைப் பொறுத்தவரை எமது கவலை ஒன்றே. சிங்களத்தில் தயாரிக்கப்படும் ஆசிரியர் வழிகாட்டி தமிழுக்கு மொழிபெயர்க்கப்பட்டு வந்து சேர்வதற்குள் தவணை பாதி கழிந்துவிடுகின்றது என்பதும், பயிற்சிக்குச் சென்றால் வளவாளர் சிங்களத்தில் பேச அருகிலிருப்பவர் சுருக்கிச் சொல்ல நேர்கின்றது என்பதும் தமிழ்மொழி மூல ஆசிரியர்களின் பழைய முறையீடுகளாகும். தரம் 6 க்கான சீர்திருத்தம் பிற்போடப்பட்டதால் கிடைத்த அவகாசத்தை இதனைச் சீர்செய்யப் பயன்படுத்தியிருக்க முடியும். தமிழிலேயே சிந்தித்து எழுதக்கூடிய கலைத்திட்ட வல்லுநர்கள் எம்மிடையே உள்ளனர். அவர்களை மொழிபெயர்ப்பாளர்களாக அன்றி ஆக்குநர்களாகத் தேசிய கல்வி நிறுவகம் அழைக்க வேண்டும்.

வலயக் கல்விப் பணிமனைகள் செய்யக்கூடிய சிறிய காரியமும் ஒன்றுண்டு. அவ்வாண்டில் தரமுயர்வுக்கு உரித்துடைய ஆசிரியர்களின் பெயர்ப்பட்டியலை ஜனவரி மாதத்திலேயே ஒவ்வொரு பாடசாலையின் அறிவித்தற் பலகையிலும் தமிழில் ஒட்டுவதற்கு அமைச்சரவைப் பத்திரமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை.