குடையைக் கண்டாலும் மிரளும் நாய்: காவலுக்குப் பழக்குவது எப்படி?

காரைக்கால் பகுதியில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே உளுந்தும் பச்சைப் பயறும் வயலில் தெளிக்கப்படும். நெல்லை அறுத்த பிறகு, தாளுக்கிடையே முளைத்து நிற்கும் இளம் பயிரை ஆடு மாடுகளிடமிருந்து காப்பது சிறு விவசாயிக்குப் பெரும்பாடு. ஆள் வைத்துக் காவல் காக்கக் கட்டுப்படியாகாது. வரப்பில் ஒரு நாய் நடமாடினால், மேய வரும் ஆடுகள் ஒதுங்கிப் போகும்.

ஆனால், அந்த நாயே வயலுக்கு வர மறுத்தால் என்ன செய்வது?

நெடுங்காட்டிலோ நிரவியிலோ ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நன்றாகக் குரைக்கும் நாய், தெருவில் இறங்கியதும் வாலை இடுக்கிக்கொள்கிறது. விரித்த குடையைக் கண்டால் பின்வாங்குகிறது. மதகைத் தாண்ட மறுக்கிறது. மோட்டார் கொட்டகையில் சத்தம் கேட்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அப்படி ஓடும்போது சாலையில் லாரியில் அடிபடலாம். பிடிக்க வரும் குழந்தையைக் கடித்தும் விடலாம். "இது எதற்கும் உதவாது" என்று வண்டியில் ஏற்றிக் கண்காணாத இடத்தில் விட்டுவிடுவோர் உண்டு. உணவு தண்ணீரின்றித் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

அவ்வாறு கைவிடத் தேவையில்லை. பொறுமையிருந்தால், செலவின்றியே பெரும்பாலான நாய்களைத் தேற்றிவிடலாம்.

பயம் ஏன் வருகிறது?

நாய்க்குட்டி பிறந்த 3ஆம் வாரம் முதல் 12 அல்லது 14ஆம் வாரம் வரையுள்ள காலம் மிக முக்கியமானது. அந்நாட்களில் பார்த்த பொருளும் கேட்ட ஓசையும் பழகிய மனிதரும் அதற்கு இயல்பானவை ஆகிவிடும். அப்போது கொல்லைப்புறத்திலேயே கட்டிக் கிடந்த குட்டி, வளர்ந்தபின் குடை, சாக்கு, சைக்கிள் எதைக் கண்டாலும் அஞ்சும். 1961இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 14 வாரம் வரை மனிதரோடு பழகாமல் வளர்ந்த குட்டிகள் அதன்பின் மனிதரை நெருங்கவே மிகவும் அஞ்சியது தெரிய வந்தது.

ஒரே ஒரு முறை ஏற்பட்ட அதிர்ச்சியும் பயத்தை உண்டாக்கும். தகரம் தலைமாட்டில் விழுந்திருக்கலாம். பட்டாசு அருகில் வெடித்திருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நாய்க்கும் பொருந்தும்.

அடித்தால் கூடும்

மிரளும் நாயை அடிப்பதும், பயந்த பொருளின் அருகே தரதரவென்று இழுத்துப் போவதும், மோட்டார் பக்கத்திலேயே கட்டி வைத்து "பழகட்டும்" என்று விடுவதும் தவறு. குடையைப் பார்க்கும்போதெல்லாம் முதுகில் அடி விழுந்தால், குடைதான் வலிக்குக் காரணம் என்று நாய் எண்ணிக்கொள்ளும். குதிரை வளர்ப்பைப் பற்றி 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய கிரேக்க நாட்டு செனோபோன், மிரளும் குதிரையை அடித்தால் மிரட்சி கூடுமே தவிரக் குறையாது என்று இதே காரணத்தைச் சொல்லியிருக்கிறார்.

அதே சமயம், பயந்த நாயைத் தட்டிக்கொடுத்தால் பயம் வளரும் என்று சொல்வதும் சரியல்ல. தாழ்ந்த குரலில் பேசி மெதுவாக அப்பால் அழைத்துச் செல்வதால் கெடுதல் எதுவுமில்லை.

தூரமும் தீனியும்

1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலைக் கண்டு அலறிய ஒரு சிறுவனின் பயத்தைப் போக்கினார். சிறுவன் பிடித்த உணவை உண்ணும்போது முயலைத் தொலைவில் வைத்தார். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நெருக்கினார். கடைசியில் சிறுவன் முயலைத் தொட்டு விளையாடினான். நாயைப் பழக்குவதும் இதே முறைதான்.

முதலில் தூரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பொருளை நாய் பார்க்க வேண்டும். ஆனால் நடுங்கக் கூடாது. வாலை இடுக்குதல், காதைப் பின்னால் மடித்தல், அடிக்கடி உதட்டை நக்குதல், தூக்கமில்லாமலே கொட்டாவி விடுதல் ஆகியவை பயத்தின் அடையாளங்கள். பிடித்த தீனியைக் கொடுத்தும் வாங்க மறுத்தால், மிக அருகில் வந்துவிட்டோம் என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும்.

தீனிக்கு முள் நீக்கிய அவித்த மீன் அல்லது அவித்த முட்டை ஏற்றது. துண்டு விரல் நகம் அளவு இருந்தால் போதும். கருவாட்டில் உப்பு மிகுதி, அதைத் தவிர்க்கலாம்.

இதில் வரிசை முக்கியம். முதலில் பொருள் கண்ணில் பட வேண்டும், பிறகுதான் தீனி. பொருள் மறைந்ததும் தீனியும் நிற்க வேண்டும். தீனியை முதலில் காட்டி ஏமாற்றி அழைத்துப் போனால், நாளடைவில் தீனியைக் கண்டாலே நாய் சந்தேகப்படும்.

படிப்படியாக

குடை: மடித்த குடையை முற்றத்தில் கிடத்திவிட்டுச் சற்றுத் தள்ளித் தீனி கொடுக்க வேண்டும். நாய் தானாகவே போய் முகர்ந்து பார்த்தால் பாதி வெற்றி. அடுத்து, பாதி விரித்த குடை. பிறகு முழுவதும் விரித்த குடை தரையில். கடைசியாக, வீட்டில் ஒருவர் குடை பிடித்துத் தொலைவில் நடக்க வேண்டும். நாய்க்கு நேரே குடையைப் படாரென்று விரிக்கலாகாது.

மோட்டார், தெளிப்பான்: ஓடாத மோட்டாரின் அருகே முதலில் பழக்க வேண்டும். பிறகு ஓடும் மோட்டாரை நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து கேட்கச் செய்து, நாள்தோறும் சில அடிகள் நெருங்கலாம். கைத்தெளிப்பானையும் அப்படியே, ஆனால் மருந்து ஊற்றாமல், நன்றாகக் கழுவியதாக இருக்க வேண்டும்.

மதகு, பாலம்: பயமில்லாத வேறொரு நாயை முன்னே நடக்கவிட்டால், இது பின்தொடரும். பக்கத்தில் அப்படி ஒரு நாய் இருந்தால் வேலை எளிது.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே பழக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம். நாளுக்கு இரண்டு தடவை போதும். தார்ச்சாலை சுடாத காலை, மாலை வேளைகளே ஏற்றவை. திருநள்ளாறு பக்கத்து விவசாயிகள் சனிக்கிழமைக் கூட்டத்தில் பயிற்சியைத் தொடங்காமல் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். சில நாய் ஒரு வாரத்தில் தேறும். சிலவற்றுக்கு மாதக் கணக்காகும். இடையில் ஒரு நாள் மிரண்டால், இரண்டு படி கீழிறங்கி மறுபடி தொடங்க வேண்டும்.

கழுத்தில் சுருக்குக் கயிறு போடக் கூடாது. மார்பைச் சுற்றிய பட்டையும் ஆறடிக் கயிறும் பாதுகாப்பானவை. தீபாவளி நாளிலும் திருவிழா வெடியின்போதும் பயிற்சி வேண்டாம். வீட்டுக்குள் ஒரு மூலையில் தண்ணீர் வைத்துக் கதவைச் சாத்திவிடுவதே நல்லது.

குட்டி வாங்குவோருக்கு

எட்டு வாரக் குட்டியாக வாங்கினால், தடுப்பூசிகள் முடியும் வரை தெரு நாய்கள் திரியும் இடத்தில் தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டே களம், கொட்டகை, கடைத்தெரு எல்லாவற்றையும் காட்டலாம். டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் தொலைவிலிருந்து பார்க்கட்டும். ஐந்தில் வளைந்தது ஐம்பதில் சிரமம் தராது.

எச்சரிக்கை

நேற்று வரை நன்றாக இருந்த நாய் திடீரென்று மிரண்டால், அதைப் பழக்க முற்படக் கூடாது. காது வலி, கால் வலி, பார்வைக் குறைவு இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இருட்டில் பதுங்குதல், வாயில் எச்சில் வடிதல், குரல் மாறுதல், கண்டதைக் கடித்தல் இருந்தால் வெறிநோயாக இருக்கலாம். நெருங்காமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நாய் கடித்துவிட்டால், சிறு கீறலானாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் கெடுவில் திரும்பப் போட்டு வருவது அவசியம்.

மாட்டுக்கும் இதுவே

புதிதாக வாங்கி வந்த பசுவோ காளையோ பாலத்தைக் கண்டு மிரண்டால், தார்க்குச்சியை எடுக்காமல், பழகிய மாட்டை முன்னே ஓட்டி, அக்கரையில் ஒரு கைப்பிடிப் பசும்புல்லைக் காட்டலாம். பயந்த பிராணிக்கு வேண்டியது நேரமும் இடைவெளியும்தான். இந்த மாதம் முற்றத்தில் மடித்த குடையோடு தொடங்கினால், பயறு முளைக்கும் பருவத்தில் வரப்பில் ஒரு காவலாளி தயாராக நிற்பான்.